கொதிகலன் செய்த கைகளும் கதிரவன் தரும் மின்சாரமும்



திருச்சிராப்பள்ளி நகரத்தில் தென்னூர் என்னும் பகுதியை அறியாதார் சிலரே. காய்கறி வாங்க அங்குள்ள உழவர் சந்தைக்குச் செல்வோர் பலர். புதிய மின் இணைப்பு, பெயர் மாற்றம், பழுது பற்றிய முறையீடு ஆகியவற்றிற்காக அங்குள்ள மின்வாரிய அலுவலகத்தின் படி ஏறுவோரும் பலர். விளக்கு ஒழுங்காக எரியும் வரை மின்சாரத்தைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. கட்டணம் செலுத்தும் நாளில் ஒரு முறையும், மின்தடை நேரும் இரவில் ஒரு முறையும் எண்ணுகிறோம். அவ்விரண்டும் இல்லாத அமைதியான வேளையில் மூன்று வினாக்களை எழுப்பி விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நம் இல்லத்து மின்சாரம் எதனால் உண்டாகிறது? அதனை உண்டாக்கும் முறை மாறும்போது யாருடைய பிழைப்பு மாறுகிறது? அம்மாற்றத்தில் நம் இல்லங்கள் ஆற்றத்தக்க பங்கு யாது?

இவ்வினாக்களை எழுப்புவதற்குத் திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் அரிது. நாட்டின் பல அனல் மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து கொடுத்த ஊர் இது. நிலக்கரியின் இடத்தைக் கதிரவனும் காற்றும் பெறும் காலத்தில், அக்கொதிகலன் செய்த கைகள் என்ன செய்யும் என்பது இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பங்கரை வரை வந்து நிற்கும் கேள்வி.

1. இருவகை அளவுகள்

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவு செய்துகொள்வோம். 1 கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஆகும் மின்சாரம் 1 யூனிட். 1,000 கிலோவாட் சேர்ந்தது 1 மெகாவாட். ‘திறன்’ என்பது ஒரு நிலையம் எவ்வளவு வேகமாக மின்சாரம் தரவல்லது என்பதைக் காட்டும். ‘உற்பத்தி’ என்பது அது உண்மையில் தந்த யூனிட்டுகளைக் காட்டும். செய்தித்தாள்களில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்து பேசப்படுவதால் மயக்கம் உண்டாகிறது.

2025ஆம் ஆண்டின் இடைப்பகுதியில், இந்தியாவின் மொத்த மின் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் அல்லாத வழிகளினின்று வருவதாக அரசு அறிவித்தது. 2030ஆம் ஆண்டிற்கு வகுத்த இலக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே எட்டப்பட்டது. எனினும் நாட்டில் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்றும் நிலக்கரியினின்றே வருகிறது. இஃது எவ்வாறு?

ஒரு சிறு கணக்கால் இதனை உணரலாம். 1 கிலோவாட் அனல் மின் திறன் இரவும் பகலும் முழுமையாக இயங்கினால் ஒரு நாளில் 24 யூனிட் தரும். 1 கிலோவாட் சூரிய மின்தகடுகளோ நம் பகுதியில் ஒரு நாளில் ஏறத்தாழ 4 யூனிட்டே தரும். ஏனெனில் கதிரவன் இரவில் இல்லை, காலையிலும் மாலையிலும் வலிமையாக இல்லை. ஆகவே திறனில் சமமாகத் தோன்றுவது உற்பத்தியில் சமமாவதில்லை.

தமிழகம் இத்துறையில் மூத்த மாநிலம். 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று நிறுவப்பெற்றது. பின்னர் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களின் வழியே புகும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி ஆயிரக்கணக்கான காற்றாலைகள் எழுந்தன. இன்று மாநிலத்தின் காற்று மின் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. சூரிய மின் திறனும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

ஆயினும் 2024ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இத்தகைய தேவை கதிரவன் மறைந்தவுடன் அடங்கிவிடுவதில்லை. பகலில் மிகும் மின்சாரத்தைச் சேமித்து இரவில் தரும் ஏற்பாடு வேண்டும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் திறனுள்ள நிலையம் 1980களின் இறுதி முதல் இப்பணியைச் செய்கிறது. மின்சாரம் மிகும்போது தாழ்ந்த அணையின் நீரை உயர்ந்த அணைக்கு ஏற்றி, தேவை மிகும்போது அந்நீரையே இறக்கி மின்சாரம் எடுக்கின்றனர். இத்தகைய நிலையங்களும் பெரிய மின்கலத் தொகுதிகளும் பெருகினாலன்றி நிலக்கரி முற்றிலும் விலகாது. எனவே இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதன்று. பல ஆண்டுகள் நீள்வது. அவ்வவகாசமே நமக்குக் கிடைத்த வாய்ப்பு என்பதனைப் பின்னர்க் காண்போம்.

2. திருச்சி முன்பே கண்ட மாற்றம்

ஆற்றல் மாறும்போது தொழில் மாறுவது இவ்வூருக்குப் புதிதன்று. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்தினின்று பொன்மலைக்கு மாற்றப்பட்டு 1928ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அங்கே நீராவி எஞ்சின்களைப் பழுது பார்த்துத் தலைமுறைகள் வாழ்ந்தன. பின்னர் டீசல் எஞ்சின்கள் வந்தன. 1990களின் இறுதிக்குள் நீராவி எஞ்சின்கள் வழக்கமான ஓட்டத்தினின்று விடைபெற்றன. ஆயினும் பொன்மலைப் பணிமனை மூடப்படவில்லை. டீசல் எஞ்சின் பழுதும், சரக்குப் பெட்டிகளின் செய்பணியும் அங்கு வேரூன்றின. நீலகிரி மலை இரயிலுக்கு 2011ஆம் ஆண்டு முதல் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்தளித்ததும் அதே பணிமனைதான்.

பணிமனை பிழைத்தது தற்செயலால் அன்று. வேலை வேறானபோது அந்நிறுவனம் தன் ஆட்களுக்குப் புதிய வேலையைக் கற்பித்தது. பழைய கைத்திறனையும் இழக்கவில்லை.

திருவெறும்பூரில் 1965ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியுடன் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை தொடங்கப்பெற்றது. அதனைச் சுற்றித் துவாக்குடி, திருவெறும்பூர் வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் எழுந்தன. தடித்த இரும்புத் தகட்டை வெட்டுவது, வளைப்பது, வெல்டிங் செய்வது, பற்றவைத்த இடத்தை ஊடுகதிராலும் கேளா ஒலியாலும் சோதிப்பது ஆகிய திறன்கள் இங்கே கூடிவந்தன. 1975ஆம் ஆண்டில் இங்கு அமைந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இத்திறனுக்கு அடையாளமாகும்.

ஓர் ஆலையையும் ஒரு தொழிலையும் சார்ந்த இவ்வளர்ச்சியில் ஆபத்தும் இருந்தது. 2010களில் புதிய அனல் மின் நிலையங்களுக்கான ஆணைகள் குறைந்தபோது, பெரிய ஆலை தாங்கிக்கொண்ட இழப்பைச் சிறு பட்டறைகளால் தாங்க இயலவில்லை. பல பட்டறைகளில் வேலை நாட்கள் சுருங்கின, கடன் பெருகியது, சில கதவடைத்தன. ஒரு பட்டறையின் வெல்டிங் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். மாதச் சம்பளம் அவருக்கு இல்லை. வந்த வேலைக்குத்தான் கூலி. மகளின் கல்லூரிக் கட்டணம் ஆணைகளின் ஏற்றத்தாழ்வை அறியாது. ‘பசுமை மாற்றம்’ என்னும் சொல் அவர் காதில் ‘வேலை இல்லை’ என்று விழுந்தால் அதில் வியப்பு என்ன?

2023ஆம் ஆண்டிற்குப் பின் அனல் மின் ஆணைகள் மீண்டும் பெருகியுள்ளன. இதனைக் கண்டு பழைய காலம் நிலைத்துவிட்டது எனக் கருதுவது பிழை. 2070ஆம் ஆண்டிற்குள் நிகரக் கரிமவளி வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குவதாக 2021ஆம் ஆண்டில் கிளாஸ்கோ மாநாட்டில் நம் நாடு உறுதி கூறியுள்ளது. எனவே இப்போது வந்திருப்பது மூச்சு விடும் காலம். வேலை இருக்கும்போதே புதிய வேலையைக் கற்க வேண்டும். வேலை போனபின் கற்பது பசியோடு கற்பதாகும்.

கொதிகலனும் காற்றாலைக் கோபுரமும் தோற்றத்தில் வேறாயினும் கைத்திறனில் உறவினவே. இரண்டிற்கும் தடித்த தகட்டை உருட்டிப் பிசகின்றிப் பற்றவைக்க வேண்டும். இவ்வட்டாரப் பட்டறைகள் சில காற்றாலைக் கோபுரங்களைச் செய்து பழகியுமுள்ளன. வேளாண் கழிவை எரிக்கும் கொதிகலன்கள், ஹைட்ரஜனைத் தாங்கும் அழுத்தக் கலங்கள் ஆகியவற்றிற்கும் இதே கை வேண்டும்.

3. பசுமை வேலை எது?

சுற்றுச்சூழலைக் காக்கும் வேலை மட்டும் பசுமை வேலை ஆகாது. அது மதிப்பான கூலியும் பாதுகாப்பும் உள்ள வேலையாகவும் இருத்தல் வேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் விளக்கம். இவ்விரண்டாம் பகுதியைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016ஆம் ஆண்டில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்தது. எட்டு மாதங்களில் கட்டி முடிக்க 8,500 பேர் வரை உழைத்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. கட்டி முடித்தபின் அத்தனை பேருக்கும் அங்கு வேலை இல்லை. தகடுகளின் தூசியைத் துடைப்பதும் பெரும்பாலும் தானியங்கிக் கருவிகளே. பெரிய நிலையத்தில் கட்டும்போது வேலை மிகுதி, இயக்கும்போது குறைவு என்னும் இவ்வியல்பை இளைஞர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

நிலைத்த வேலை வேறு மூன்று இடங்களில் உள்ளது. முதலாவது, கருவிகளைச் செய்யும் ஆலை. திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானில் 2024ஆம் ஆண்டு முதல் சூரிய மின்கலங்களையும் தகடுகளையும் செய்யும் பேராலையில் பணியாளருள் பெரும்பான்மையோர் பெண்கள். இரண்டாவது, பராமரிப்பு. காற்றாலைக் கோபுரத்தின் உள்ளேணி வழி ஏறி, பற்சக்கரப் பெட்டியையும் இறக்கைகளையும் சோதிப்போர் ஆண்டு முழுவதும் தேவைப்படுவர். மூன்றாவது, வீட்டுக் கூரை. ஒவ்வொரு கூரையும் ஒவ்வொரு விதம். அளந்து, சட்டம் அடித்து, கம்பி இழுத்து, பின்னர்ப் பழுது பார்க்க உள்ளூர் ஆள்தான் வேண்டும். அதே அளவு மின்சாரத்திற்குப் பெரிய நிலையத்தைவிடக் கூரைகள் அதிகக் கைகளுக்கு வேலை தருகின்றன.

நான்காவதாக ஒன்று வரவிருக்கிறது. சூரியத் தகடுகளின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் அவற்றையும் சேர்த்துக்கொண்டுள்ளன. பழுதான தகடுகளைப் பிரித்து, கண்ணாடி, அலுமினியம், வெள்ளி ஆகியவற்றை மீட்கும் தொழில் வளரும்.

4. நிலம் தந்தவரும் நிலம் இல்லாதவரும்

கருநாடக மாநிலம் துமகூரு மாவட்டத்துப் பாவகடா, மழை பொய்க்கும் வறண்ட வட்டம். அங்கே ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் திறனுள்ள சூரியப் பூங்கா அமைந்து 2019ஆம் ஆண்டின் இறுதியில் முழுமை பெற்றது. உழவர்களிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தனர். ஏக்கருக்கு ஆண்டிற்கு ரூ.21,000, இரண்டாண்டுகளுக்கு ஒரு முறை 5 விழுக்காடு உயர்வு. நிலம் உழவர் பெயரிலேயே உள்ளது. வறட்சியில் விளையாத நிலம் தவறாத வருவாய் தந்தது. இது பாராட்டத்தக்க ஏற்பாடு.

ஆனால் அந்நிலங்களில் களை பறித்தும், அறுவடை செய்தும், ஆடு மேய்த்தும் பிழைத்தோர் நிலமற்றவர். குத்தகைப் பணம் அவர்களுக்கு இல்லை; வயல் வேலையும் போயிற்று. சிலருக்குப் புல் வெட்டும் வேலையும் காவல் வேலையும் கிடைத்தன. பலருக்கு அதுவும் இல்லை. நிலம் உள்ளவர் நட்டமடையவில்லை என்று கணக்கை முடித்துவிட்டால், பட்டாவில் பெயர் இல்லாதவர் நம் கணக்கிலும் இல்லாமற் போவார். நம் குடும்பங்களுள் சிற்றூர்களில் நிலம் உடையோர் பலர். சூரிய நிலையத்திற்கு நிலம் கேட்டு எவரேனும் வரும்போது, வாடகை எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், அந்நிலத்தில் கூலி செய்தவருக்கு என்ன வழி என்றும் கேட்பது கடமையாகும்.

5. கோமாட்டி தரும் எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி என்னும் ஊரில் இருந்த பழைய அனல் மின் நிலையம் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. அவ்விடத்தில் சூரியன், காற்று, மின்கலச் சேமிப்பு ஆகியவற்றை அமைக்கவும் மக்களுக்குத் தொழில் பயிற்றவும் உலக வங்கி உதவியுடன் திட்டம் வகுக்கப்பட்டது. எண்ணம் நல்லதே. ஆனால் பழைய நிலையம் மூடியது முதலிலும், புதிய வேலை வருவது பின்னருமாக அமைந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளரும், அவர்களை நம்பிய கடைகளும், வாடகை வீடுகளும் துன்புற்றன.

இங்கே நெய்வேலியை ஒப்பிடலாம். 1962ஆம் ஆண்டு முதல் இயங்கிய 600 மெகாவாட் பழைய அனல் மின் நிலையம் 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அருகிலேயே 1,000 மெகாவாட் புதிய நிலையம் எழுந்திருந்ததால் வேலையின் தொடர்ச்சி அறுபடவில்லை. ஆனால் அப்புதிய நிலையமும் பழுப்பு நிலக்கரியையே எரிக்கிறது. கரியை விட்டு விலகும்போதும் அதே தொடர்ச்சியைக் காக்க முடியுமா என்பதே இனி வரும் தேர்வு. பழையதை மூடும் நாளுக்கு முன்பே புதியதன் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதே இவ்விரு ஊர்களும் கற்பிக்கும் பாடம்.

6. பிழைப்பும் அறமும்

இல்லறத்தார் தவிர்க்கத்தக்க பதினைந்து தொழில்களை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹேமசந்திரரின் யோக சாஸ்திரம் வகுத்துரைக்கிறது. கரி சுட்டுப் பிழைப்பதும், காட்டை அழித்துப் பிழைப்பதும், நிலத்தைப் பிளந்து தோண்டிப் பிழைப்பதும் அவற்றுள் அடங்கும். தீயிலும் நிலத்திலும் உயிர் காணும் நெறிக்கு இது இயல்பே.

எனினும் இதனைக் கொண்டு சுரங்கத் தொழிலாளியையோ கொதிகலன் தொழிலாளியையோ குறைத்து மதிப்பிடுவோமானால் பெரும் பிழை செய்தவராவோம். கரியைத் தோண்டுபவர் ஒருவர். அதனை எரிப்பவர் ஒருவர். அவ்வொளியில் அமர்ந்து இக்கட்டுரையைப் படிப்பவர் நாம். பயன் நமக்கு, பழி அவருக்கு என்று பிரிப்பது எவ்வறத்திற்கும் ஒவ்வாது. பயன் பெற்றவர் சுமையிலும் பங்கு பெற வேண்டும்.

புதிய முறைகளும் ஊறு அற்றவை அல்ல. இராசத்தானத்திலும் குசராத்திலும் சூரிய, காற்று மின் நிலையங்களின் கம்பிகளில் மோதிக் கானமயில்கள் இறப்பதைத் தடுக்க 2021ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நடைமுறை இடர்களை ஆராய்ந்து 2024ஆம் ஆண்டில் அதனை மாற்றியமைத்து, வல்லுநர் குழு ஒன்றை அமர்த்தியது. ஊறு முற்றிலும் இல்லாத மின்சாரம் இல்லை. ஆகவே முதற்படி, வேண்டாத மின்சாரத்தைச் செலவிடாமையே.

7. இல்லத்தில் செய்யத்தக்கவை

மத்திய அரசு 2024ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், கூரைத் தகடுகளுக்கு முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ.30,000 வீதமும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் ரூ.78,000மும் மானியம் அறிவிக்கப்பட்டது. 1 கிலோவாட்டிற்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். 3 கிலோவாட் தகடுகள் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட், அதாவது இரு மாதங்களில் 700 யூனிட் அளவிற்குத் தரும்.

எல்லா இல்லங்களுக்கும் இது பொருந்துமா? தமிழகத்தில் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அவ்வளவிற்குள் வாழும் சிறு குடும்பம் கடன் வாங்கித் தகடு அமைப்பதில் பயனில்லை. 500 யூனிட்டைக் கடக்கும் இல்லங்களுக்குக் கட்டண விகிதமே உயர்வதால் அவர்களுக்கே பயன் மிகுதி. வசதி உள்ளோர் முதலில் செய்ய வேண்டும் என்னும் அறமும் இங்கே கணக்கோடு ஒத்து நிற்கிறது.

மேலும் மூன்று செய்திகளை மனத்திற் கொள்க. தகடு விரும்புவது ஒளியை, வெப்பத்தை அன்று. 25 பாகை செல்சியசுக்கு மேல் தகட்டின் சூடு ஒவ்வொரு பாகை ஏறும்போதும் உற்பத்தி ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும். திருச்சியின் கோடையில் தகடு 60 பாகை வரை கொதிக்கும். அப்போது ஏழில் ஒரு பங்கு இழப்பு. ஆகவே தகட்டின் அடியில் காற்றுப் புக இடைவெளி விடுக. இரண்டாவது, தகடு தெற்கு நோக்கி ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருப்பது இவ்வூருக்கு ஏற்றது. மூன்றாவது, மின்கலம் இல்லாத கூரை அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். இது குறையன்று. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் மீது நம் கூரையின் மின்சாரம் பாயாதிருக்கச் செய்த காப்பு அது.

இளைஞர்களுக்கு ஒரு சொல். 2015ஆம் ஆண்டு முதல் ‘சூரியமித்ரா’ என்னும் பெயரில் 600 மணி நேரப் பயிற்சியைத் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்தத் தொடங்கியது. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தோருக்கு உரியது இது. பட்டம் பெற்று அலுவலக நாற்காலிக்குக் காத்திருப்பதைவிடக் கைத்தொழில் தாழ்ந்தது என்னும் எண்ணத்தைப் பெற்றோர் கைவிட வேண்டும். பணிக்குச் செல்லும் இளைஞரும் கூலியை மட்டும் கேளாது, கூரையினின்று விழாது காக்கும் கயிறும் காப்பீடும் உண்டா என்று கேட்டல் வேண்டும். அவை இல்லாத வேலை பசுமை வேலை ஆகாது.

8. தொகுப்புரை

திருச்சி மாநகராட்சி பஞ்சப்பூரில் 2.4 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அமைத்துத் தன் மின் செலவைக் குறைக்க வழி கண்டது. நகரம் கற்கத் தொடங்கிவிட்டது. இல்லங்களும் பட்டறைகளும் உடன் கற்க வேண்டும். கதிரவன் எல்லோர் கூரையிலும் ஒன்றுபோல் காய்கிறான். அவ்வொளி தரும் பிழைப்பும் எல்லோருக்கும் எட்டுமாறு செய்வது மனிதர் கடமை. பழைய தொழிலில் கை தேய்ந்தவரைப் பின்னே விட்டுச் செல்லாத மாற்றமே நிலைக்கும், அதுவே நல்லது.

பயிற்சி வினாக்கள்

1. மின் திறன், மின் உற்பத்தி – வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. பொன்மலைப் பணிமனை காலமாற்றத்தில் நிலைத்து நின்றதற்குரிய காரணம் யாது?

3. பாவகடா ஏற்பாட்டில் பயன் பெற்றவர் யாவர்? விடுபட்டவர் யாவர்? அவர்களுக்கு நீவிர் கூறும் வழி யாது?

4. கோமாட்டி, நெய்வேலி ஆகிய இரண்டையும் ஒப்பிடுக.

5. உம் இல்லத்தின் கடந்த ஆறு மின்கட்டணக் கணக்குகளைக் குடும்பத்தாருடன் அமர்ந்து பார்க்க. எந்த மாதங்களில் யூனிட் மிகுந்தது? எதனைக் குறைக்கலாம்? அதன்பின் கூரைத் தகடு தேவையா என முடிவு செய்க.